ஆயுள்கால சிம் எங்கே போனது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல்காட்டு நேயர்களே, 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் கைபேசி தந்தது நினைவிருக்கிறதா? மிச்சத்தை மாதக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டவேண்டும். போனும் ஒப்பந்தமும் ஒரே பொட்டலம். அமெரிக்காவில் நெடுங்காலம் ஓடிய இந்த முறை இங்கே வேர்பிடிக்கவில்லை.

நம்மவர்களுக்குப் பிடித்தது வேறு. 2005 டிசம்பரில் ஏர்டெல் 999 ரூபாய்க்கு ஆயுள்கால இணைப்பு கொடுத்தது. மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. பேசினால்தான் காசு, வரும் அழைப்புக்குச் செலவில்லை. வத்தலும் பருத்தியும் விலைபோனால்தான் கையில் பணம் புரளும் வீடுகளுக்கு இதைவிடத் தோதான திட்டம் கிடையாது. மிஸ்டு கால் கொடுத்தே காரியம் முடித்தவர்கள் எத்தனை பேர்!

2016-இல் ஜியோ வந்தது, விலைப்போர் மூண்டது. அதில் வருமானம் குறைந்ததால், 2018 கடைசியில் ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் இணைப்பு நீடிக்க 28 நாளைக்குக் குறைந்தது 35 ரூபாய் கட்டவேண்டும் என்றன. ஆயுள் அத்தோடு முடிந்தது. 28 நாள் கணக்கென்றால் வருடத்துக்குப் 12 அல்ல, 13 ரீசார்ஜ். வானம் பார்த்த பூமியில் பதிமூன்றாவது மாதத்துக்கு யார் படியளப்பார்?

பிறகு அந்தக் குறைந்தபட்சத் தொகையும் ஏறியது. பட்டன் போன்காரரும் இணையத்துக்குச் சேர்த்தே பணம் கட்டினார். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் குறுக்கிட்டது: பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் ஒன்றாவது இருக்கவேண்டும், சிறப்புத் திட்டங்களின் காலம் 365 நாள் வரை போகலாம். கடையில் முதலில் டேட்டா திட்டத்தைத்தான் சொல்வார்கள். "பேச மட்டும்" என்று அழுத்திக் கேளுங்கள்.