அஷ்டமி நவமிக்கு ஏற்ற தொழில்

கரையும் காமிராவும் – 9

பஞ்சாங்கத்தைப் பார்த்து வேலைக்குப் போகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் நல்ல நாளுக்கு ஒரு தொழிலும் ஆகாத நாளுக்கு இன்னொரு தொழிலுமாக, ஒரே பஞ்சாங்கத்தைக் கொண்டு இரண்டு விதமாகச் சம்பாதிக்கிறவன் பட்டர்வொர்த்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைக்கிறேன். முகூர்த்த நாட்களில் கல்யாணப் படம் எடுக்கிறேன். அஷ்டமி, நவமி என்று எந்த நாட்களைக் கண்டு நம்மவர்கள் தாலி கட்டவும் கடை திறக்கவும் தயங்குகிறார்களோ, அந்த நாட்களில் தூண்டில்காரர்களோடு படகில் ஏறி, அவர்கள் பிடிக்கும் மீனையும் மீனோடு சேர்த்து அவர்களையும் படம் எடுக்கிறேன்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நானல்லன், சந்திரன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கும்போது, நாளுக்கு இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் வற்றுகிற மலாக்கா நீரிணை, எங்கள் ஊருக்கும் பினாங்குத் தீவுக்கும் நடுவிலுள்ள ஒடுக்கமான வழியில் ஆறுபோல ஓடி அடிச்சேற்றையெல்லாம் கலக்கிவிடும். அப்போது எவ்வளவு கனமான ஈயத்தைக் கட்டினாலும் தூண்டில் தரையில் நிற்காது. அரைச் சந்திரன் தெரிகிற அஷ்டமியை ஒட்டி அந்த இழுப்புத் தளர்ந்து, ஓட்டம் அடங்கி, நீர் ஓரளவு தெளிகிறது. படகோட்டும் மலாய்க்காரர் (தெக்கோங் என்பது இங்கே அவருக்குள்ள பெயர்) அந்த நாட்களின் நீரை 'ஆயிர் மாத்தி', அதாவது செத்த தண்ணீர், என்பார். கல்யாண மண்டபக்காரர் கதவைப் பூட்டி வைக்கிற நாளில் என் தெக்கோங் இயந்திரத்தை முடுக்குகிறார்.

வரைபடத்தில் எங்கள் ஊருக்கு இருப்பது, 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராக இருந்த ஓர் ஆங்கிலேயரின் பெயர். ஜனங்களின் வாயில் இருப்பதோ பாகான். மீன்பிடிக்கும் துறை என்பது அதன் பொருள். பாகான் லுவார், பாகான் டாலாம், பாகான் ஆஜாம், பாகான் ஜெர்மால் என்று பேட்டைகளெல்லாம் அந்தப் பெயரைத்தான் சுமக்கின்றன. ஜெர்மால் என்பதும் கடலில் கழிகளை நட்டு மீனை மறிக்கிற ஒரு பொறியே. ரயிலடியிலும் துறைமுகத்திலும் வேலை கிடைத்து இங்கே தங்கிவிட்ட தமிழர்களின் பேரன்மார், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகத் தூண்டிலைத் தோளில் சாத்திக்கொண்டு கிளம்புவானேன் என்று கேட்டால், ஊர்ப்பெயரைக் காட்டுவதைத் தவிர எனக்கு வேறு சமாதானம் தெரியாது. நாம் தங்கூசி என்கிற நரம்பை மலாய்க்காரர் தங்சி என்கிறார். இந்த இரண்டு சொற்களும் எந்தத் துறைமுகத்தில் சந்தித்து உறவு கொண்டாடின என்பதைப் பாஷை ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லட்டும்.

என் வேலைநாள் இருட்டில் தொடங்குகிறது. ஆனால் வெளிச்சம் அவசரப்படுவதில்லை. 1981-ஆம் ஆண்டின் கடைசி இரவில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதன் பிறகு எங்கள் ஊரில் 7 மணிக்கு முன் சூரியனைக் காண்பது அபூர்வம். பிப்ரவரியிலோ அது ஏழரையைத் தொட்டுவிடும். அப்படி உதிக்கிறவனும் கிழக்கே புக்கிட் மெர்தாஜாம் குன்றைத் தாண்டி வந்தாக வேண்டும். சாயங்காலத்தில் அதே சூரியன் மேற்கே பினாங்குக் கொடிமலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துபோக, வானம் மட்டும் வெகுநேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி, இவ்வளவுதான் எனக்கு உபயோகமான வெளிச்சம். நடுப்பகலில் மீனைப் படம் எடுப்பதும் கண்ணாடியைப் படம் எடுப்பதும் ஒன்றுதான். செதிலில் உள்ள நுண்ணிய படிகங்கள் வெயிலை அப்படியே திருப்பி அடிக்க, படத்தில் மீன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மிஞ்சும்.

மணமகளுக்குப் பொறுமை உண்டு, மீனுக்குக் கிடையாது. தண்ணீரைவிட்டு வெளியே வந்த கணத்திலிருந்து அதன் நிறம் வடியத் தொடங்குகிறது. முதுகின் பச்சை சாம்பலாகிறது, வயிற்றின் வெள்ளியில் ஒரு மங்கல் விழுகிறது. திரும்ப விடப்போகிற மீனானால் அதன் மூச்சும் என் பொறுப்பு. ஆகையால் மீன் மேலே வரும்போது நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன். எனக்கு மூச்சு முட்டுகிறபோது படமெடுப்பு முடிந்தது, மீன் தண்ணீருக்குத் திரும்ப வேண்டியதுதான். கொடுவாவின், அதாவது இங்கே எல்லாரும் சியாக்காப் என்கிற மீனின், செவுள் மூடி கத்திபோல அறுக்கும் என்பதும், பெரிய மீனைத் தாடையில் மட்டும் தூக்கித் தொங்கவிட்டால் அதன் உள்ளுறுப்புகள் நோகும் என்பதும், ஈரமில்லாத கை பட்டால் அதன் மேலுள்ள வழவழப்புப் போர்வை உரிந்துவிடும் என்பதும் படம் எடுப்பவனுக்குத் தெரிந்திராவிட்டால், அவன் எடுப்பது பிரேதத்தின் படமாகவே முடியும்.

இவ்வளவும் தொழில் நுணுக்கம். இனித் தொழில் ரகசியத்துக்கு வருகிறேன். இதைச் சொல்வதால் என் வாடிக்கைக்காரர்கள் சிலர் என்மேல் வருத்தப்படக்கூடும்.

"தம்பி, கொஞ்சம் பெருசா தெரியற மாதிரி எடுங்களேன்" என்று கேட்காத தூண்டில்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதற்கு வழி மிகச் சுலபம். "கையை முன்னால நீட்டுங்கண்ணே" என்று சொல்லி, அகன்ற கோணத்து லென்ஸை மாட்டிக்கொண்டு, மீனுக்கு வெகு அருகில் குந்தினால் போதும்; மூன்று கிலோ மீன் ஏழு கிலோவாகிவிடும், பின்னால் நிற்கும் மனிதர் குழந்தையளவுக்குச் சிறுத்துப்போவார். பல வருஷ காலம் இந்தக் கைங்கரியத்தை நான் மனமாரச் செய்துவந்தேன். அப்படி எடுத்த ஒரு படத்தை ஒரு தூண்டில் கடைக்காரர் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கித் தம் வாசலில் மாட்டியபோது எனக்கு உண்டான கர்வம் சாமானியமல்ல. பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து அதை ரசித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்த ஒரு பெரியவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மீன் கெடக்கட்டும்பா, அந்த ஆளு விரலப் பாத்தியா? ஒவ்வொண்ணும் மொந்தன் வாழக்கா கணக்கா இருக்கே!" என்றார். மீனைப் பெரிதாக்கும் லென்ஸ் விரலையும் பெரிதாக்கிவிடும் என்பது எனக்கு வாஸ்தவமாகவே அதுவரை தோன்றவில்லை. தேநீரை முடிக்காமலே எழுந்து வந்தேன்.

பிழைப்புக்காக மீன் பிடிக்கிறவன் இப்படி மீனை நீட்டிக் காட்டி நின்றதாக நான் கண்டதில்லை. எங்கள் ஊருக்கு வடக்கே பெனாகாவில், மூடா ஆறு கடலில் சேருமிடத்தில், மீனை ஏலம் கூவாமல், வாங்குகிறவர் விற்கிறவரின் காதோடு காதாக விலையைச் சொல்லுகிற ஒரு சந்தை உண்டு; பாசார் பீசிக், ரகசியச் சந்தை என்று அதற்குப் பெயர். பலமுறை அங்கே காமிராவோடு போயிருக்கிறேன். கூடை நிறைய மீனோடு கரையேறுகிறவர் ஒருவராவது என்னைப் பார்த்து ஒரு மீனை உயர்த்திக் காட்டியதில்லை.

மொந்தன் வாழைக்காயின் உறுத்தல் ஆறுவதற்குள், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் புதுப்பித்துத் தரும்படி கொண்டுவந்தார். ஓரமெல்லாம் கறையான் தின்றது. கடற்கரையில் அவருடைய தகப்பனார் நிற்கிறார். பக்கத்தில் ஒரு கழியில் கொடுவா ஒன்று தலைகீழாகத் தொங்குகிறது. கழியடியில் ஒரு மண்ணெண்ணெய் டின். படத்தின் பின்புறத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. எந்த வருஷம் என்று கேட்டேன். "நான் அப்ப சின்னப் பையன்" என்பதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் படம் சொல்லிற்று. தூரத்தில் கடலுக்கு அப்பால் ஜார்ஜ் டவுன் கரை மெல்லிய கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின்மேல், இன்று எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படுகிற கொம்தார் கோபுரம் இல்லை. அதைக் கட்டத் தொடங்கியது 1974-இல். ஆகவே படம் எழுபதுகளின் பிற்பகுதிக்கு இப்பால் வராது. நாலு காலன் மண்ணெண்ணெய் டின்னின் உயரம் ஏறக்குறைய 14 அங்குலம் என்பது அந்தக் காலத்து வீடுகளில் வளர்ந்த எவருக்கும் கண்ணளவில் தெரியும். காகிதத் துண்டில் டின்னின் உயரத்தைக் குறித்துக்கொண்டு மீனின்மேல் வைத்துப் பார்த்தேன். மூன்று டின்னுக்குச் சற்றே குறைவு. மூன்றேகால் அடி மீன்! கையை நீட்டச் சொல்ல யாருமில்லாமல், லென்ஸின் தயவு ஏதுமில்லாமல், கழியில் தொங்கிய சாதாரண மீன். நான் படகில் ஏறிய இத்தனை வருஷங்களில் அந்த நீளத்தை எட்டிய கொடுவாவை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஒரு குடும்பப் படத்தைக் கொண்டு கடலின் சரித்திரத்தைத் தீர்மானிப்பது பேதைமை என்பதை நான் அறிவேன். ஆனால் நூற்றுக்கணக்கான படங்கள் இருந்தால் அது பேதைமையல்ல என்பதை அமெரிக்காவில் லோரன் மெக்ளெனகன் என்ற ஆராய்ச்சிக்காரி நிரூபித்திருக்கிறார். புளோரிடா மாகாணத்தின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்ற தீவு. அங்கே உல்லாசமாகத் தூண்டில் போட வருகிறவர்கள் கரை சேர்ந்ததும், தங்கள் மீன்களை ஒரு பலகையில் வரிசையாகத் தொங்கவிட்டு, முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். 1956 முதல் 2007 வரை எடுக்கப்பட்ட அத்தகைய படங்களைச் சேர்த்து, ஒவ்வொரு மீனையும் அவர் அளந்தார். சராசரி மீனின் எடை ஏறக்குறைய 20 கிலோவிலிருந்து 2.3 கிலோவுக்கு இறங்கியிருந்தது! 2009-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. எண்களைவிட என்னைத் திடுக்கிட வைத்தது படங்களில் உள்ள முகங்கள்தாம். ஆளைவிடப் பெரிய களவா மீனுக்கு முன் நின்றவர் எவ்வளவு பூரிப்போடு சிரித்தாரோ, ஐம்பது வருஷம் கழித்து முழ நீளத்து மீன்களுக்கு முன் நிற்பவரும் அதே பூரிப்போடு சிரிக்கிறார். தமக்கு முன்னே பிடிபட்ட மீனை அவர் பார்த்ததில்லை.

நம் பக்கத்துக் காவேரியிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. மைசூரில் வேட்டை மிருகங்களைப் பாடம் செய்துகொடுப்பதில் பேர்போன வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் 1946-இல் காவேரியோடு சேரும் கபினி ஆற்றில் 120 ராத்தல் எடையுள்ள மஹசீர் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். அந்தத் திமில் மஹசீருக்கு 2018 வரை சரியான சாஸ்திரப் பெயர்கூட நிச்சயமாகவில்லை. பெயர் நிச்சயமானபோது மீன் அழிவின் விளிம்பில் நின்றது. காவேரிக் கரை முகாம்களில் பிடித்து விட்ட மீன்களுக்குத் தூண்டில்காரர்கள் வைத்திருந்த கணக்குதான் அதன் வீழ்ச்சியை எடுத்துக்காட்ட விஞ்ஞானிகளுக்கு உதவிற்று. பெருமைக்காக எழுதின கணக்கு, பெருமைக்காக எடுத்த படம். பிறகு தேடிப் போகும்போது அவற்றைத் தவிர வேறு ஆவணம் கிடைப்பதில்லை. அதிலும் கையை நீட்டி, லென்ஸை மாற்றி நான் பொய்யைக் கலந்திருந்தால், இந்த நீரிணையின் கணக்குப் புத்தகத்தில் திருட்டுக் கணக்கு எழுதினவன் நானாகிறேன்.

அந்தப் பழைய படத்தை அளந்த நாள் தொடங்கி என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது என் பெட்டியில் அரை அடிக்கு ஒரு கறுப்புக் கட்டம் தீட்டிய வெள்ளைப் பலகை ஒன்று இருக்கிறது. 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்தின் தூண்களில் சிப்பியும் கொட்டலசும் அடர்ந்து, அவற்றை நாடிச் சிறுமீனும் சிறுமீனை நாடிப் பெருமீனும் வருவதால், எங்கள் படகு பெரும்பாலும் அந்தத் தூண்களின் நிழலில்தான் கட்டிக்கிடக்கும். மீன் மேலே வந்ததும் நனைத்த பலகைமேல் ஒரு படம். அதன் பிறகு, வயிற்றைத் தாங்கி நெஞ்சோடு அணைத்தபடி, பிடித்தவரோடு ஒரு படம். கையை நீட்டிப் பெரிதாக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறேன். இதனால் ஒரு கடைக்காரரின் வேலை கைவிட்டுப் போயிற்று. ஆனாலும் வருகிறவர்கள் வருகிறார்கள்.

சென்ற நவமியன்று எங்கள் படகில் வந்த லாரி ஓட்டுநர் ஒருவருக்கு இரண்டே முக்கால் அடிக் கொடுவா ஒன்று கிடைத்தது. பலகையில் வைத்தேன், எடுத்தேன். கொடுவா ஆணாகத் தொடங்கிப் பருத்த பிறகு பெண்ணாக மாறுகிற ஜாதி என்பதையும், ஆகையால் இவ்வளவு பெரியது அநேகமாக முட்டையிடும் தாயாகவே இருக்கும் என்பதையும் சொன்னேன். அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்டுல கொழம்புக்குச் சொல்லிட்டு வந்திருக்கேன் தம்பி" என்றார். கொழம்புக்குத்தான் போயிற்று. அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். படத்தின் பின்புறத்தில் நாள், இடம், நீளம் மூன்றையும் எழுதி அவருக்கு ஒரு பிரதி கொடுத்தேன்.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தாவோ அப்பாவோ மாமாவோ மீனோடு நிற்கும் பழைய படம் ஏதேனும் இருந்தால், அதை அறிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, எந்தக் கரை, எந்த வருஷம், என்ன மீன் என்று பென்சிலால் அதன் பின்புறத்தில் எழுதி வையுங்கள். மை வேண்டாம், எங்கள் ஊர் ஈரத்தில் அது முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.

(தொடரும்)