கள்வன் யார்? – துப்பறியும் புதிர்க்கதைகள் பற்றிச் சில சிந்தனைகள்

கதை வாசிப்போர் இருவகையினர். முடிவை அறியும் ஆவலால் விரைந்து பக்கங்களைப் புரட்டுவோர் ஒரு சாரார்; முடிவைத் தாமே காண விரும்பி இடையில் நின்று எண்ணுவோர் மற்றொரு சாரார். இவ்விரண்டாஞ் சாராருக்கென எழுந்ததே துப்பறியும் புதிர்க்கதை என்னுஞ் சிறு கதைவகை. ஒரு பக்கத்திலோ இரு பக்கத்திலோ ஒரு குற்றம் கூறப்படும். அதனை ஆராய்ந்தவன் உண்மையைக் கண்டுகொண்டான் என்பதுங் கூறப்படும். எவ்வாறு கண்டான் என்பது மட்டுங் கூறப்படாது. அதனைக் கூறுதல் வாசகர் கடனாகும். விடை நூலின் இறுதியில் வேறாக அச்சிடப்பட்டிருக்கும்.

இக்கதைகளை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்குவார் பலர். நாமும் ஒரு காலத்தில் அக்கருத்தினேமாயிருந்தோம். பின்னர் அதனை மாற்றிக்கொண்டோம். அம்மாற்றத்தின் காரணத்தைக் கூறுமுன், புதிர் ஒன்றை வாசகர் முன் வைக்கின்றோம்.

விதானைமார் ஊர்வழக்குகளை விசாரித்த காலத்து நிகழ்ச்சியாக இதனைக் கற்பனை செய்துகொள்க. யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றிலே புகையிலை வியாபாரி ஒருவர் இருந்தார். ஆடி மாதத்தில் ஒரு நாள், தந்தையை இழந்த ஏனையோருடன் அவரும் விடியற்காலையிற் கீரிமலைக்குச் சென்று, தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் முடித்து வந்தார். மதியம் காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச்சோறு உண்டார். அவர் வீட்டுத் திண்ணையிற் சுருட்டுச் சுற்றும் இளைஞன், தந்தையார் உயிரோடிருப்பவனாதலின், அன்றும் வேலைக்கு வந்து மாலையிலே சென்றான். கூலி போதாதென்று முதல் வாரம் அவன் முரண்பட்டதை ஊரார் அறிவர். அன்றிரவு வியாபாரியின் பணப்பெட்டி களவுபோயிற்று. விடிந்ததும் விதானையார் வந்தார். திண்ணையில் இளைஞனின் சால்வை கிடந்தது. அயல்வீட்டார் முன்வந்து, “நடுச்சாமத்தில் நித்திரை வராமற் கிணற்றடியில் நின்றேன். ஒருவன் பெட்டியோடு வேலி பாய்ந்தான். என் கையில் விளக்கு இல்லை. ஆனால் நிலவு பால்போல் எறித்தபடியால் முகத்தை நன்றாகக் கண்டேன். இந்தப் பொடியன்தான்” என்றார். ஊரார் இளைஞனைப் பிடித்துக் கட்ட முற்பட்டனர். விதானையார் சிறிது எண்ணி, “அவனை விடுங்கள்” என்றார்.

வினா இரண்டு. விதானையார் இளைஞனை விடுவித்தது ஏன்? அங்ஙனமாயின் அயல்வீட்டாரே கள்வர் என முடிவு செய்யலாமா? வாசகர் எண்ணியிருக்க. விடை கட்டுரையின் இறுதியில் உளது.

கதையை நிறுத்திக் கேட்போனை வினாவுதல் நமக்குப் புதிதன்று. விக்கிரமாதித்தன் கதையிலே தோளிற் கிடந்த வேதாளம் ஒவ்வொரு கதை முடிவிலும் அரசனை ஒரு வினா வினாவுகின்றது. ஆயின் அவ்வினாக்கள் பெரும்பாலும் எவர் உயர்ந்தவர், எவருக்கு உரிமை என்னும் நியாயம் பற்றியவை. நடந்தது யாது என்பதைத் தடயங்கொண்டு காணும் கதை மேனாட்டிலே தோன்றியது. அமெரிக்க ஆசிரியர் எட்கார் அலன் போ 1841 இல் வெளியிட்ட ‘ரூ மோர்க் கொலைகள்’ என்னுங் கதையை இவ்வகையின் முதற்கதையாகக் கொள்வர். பின்னர் ஆங்கில நாட்டிற் கொனன் டொயில் படைத்த சேர்லொக் ஹோம்ஸ் உலகப் புகழ் பெற்றான்.

அக்கதைகளுள் 1892 இல் வெளிவந்த ஒன்று நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. பந்தயக் குதிரையொன்று இரவில் இலாயத்திலிருந்து மறைந்துவிடுகின்றது. இலாயத்திலே காவல் நாய் இருந்தது. ஆயினும் அது குரைக்கவில்லை. குரையாமையே ஹோம்ஸுக்குத் தடயமாயிற்று. வந்தவன் நாய் நன்கறிந்த ஒருவனாதல் வேண்டும் என அவன் துணிந்தான். நடந்ததை எல்லோரும் நோக்கினர். நடக்க வேண்டியது நடவாதிருந்ததை அவன் ஒருவனே நோக்கினான்.

1920 களின் இறுதியில் இக்கதைகளுக்கு அறநெறி ஒன்று வகுக்கப்பட்டது. றொனால்ட் நொக்ஸ் என்னுங் கத்தோலிக்க குருவானவர் 1929 இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் கூறினார். துப்பறிவோன் காணும் ஒவ்வொரு தடயமும் அக்கணமே வாசகருக்கும் காட்டப்படல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் எல்லறி குயின் என்னும் புனைபெயரில் அமெரிக்க மைத்துனர் இருவர் தம் முதல் நாவலை வெளியிட்டனர். முடிவுக்கு முன்னர் கதையை நிறுத்தி, வேண்டிய செய்திகள் யாவும் இப்போது உங்களிடம் உள. விடை காண்க என வாசகரை அறைகூவும் வழக்கம் அந்நூலிற்றானே தொடங்கியது. 1932 இல் ரிப்ளி என்பவர், போர்ட்னி என்னும் பேராசிரியரைத் துப்பறிவோராகக் கொண்டு, சில நிமிடத்தில் வாசித்து விடை காணத்தக்க சிறு புதிர்களை நூலாக்கினார். நீண்ட நாவலின் அறைகூவல் இவ்வாறு ஒரு பக்கத்துக்குட் சுருங்கியது.

சிறுவர்க்கென இத்துறையிற் பெரும் புகழ் பெற்றவர் டொனால்ட் சோபோல். 1963 இல் வெளிவந்த அவர்தம் முதல் நூலின் தலைவன் பொலிஸ் அதிபர் ஒருவரின் பத்து வயது மகன். கலைக்களஞ்சியம் போன்ற அறிவினன் என்பதால் அதுவே அவன் பட்டப்பெயராயிற்று. அந்நூலிலுள்ள புதிர் ஒன்று வருமாறு: ஒரு சிறுவன் பழைய வாளொன்றைக் காட்டுகின்றான். அமெரிக்க உள்நாட்டுப் போரிலே தென்னாட்டுத் தளபதி ஜாக்சனுக்கு, முதலாம் புல் றன் போரில் அவர் காட்டிய உறுதிக்காக, அவர்தம் வீரர் 1861 ஆகஸ்டில் வழங்கியது என்று அதிற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. வாள் போலியென்று நம் சிறுவன் உடனே கூறுகின்றான். காரணம் யாது? புல் றன்னில் இரண்டாம் போர் நிகழ்ந்தது 1862 இல். இரண்டாவது நிகழுமுன் எவரும் ஒன்றை ‘முதலாம்’ போர் என்று குறித்திரார். அன்றியும் அப்போரைத் தென்னாட்டார் மனாசஸ் என்ற பெயராலேயே வழங்கினர்.

இதனுட் பெரிய கல்வி எதுவும் வேண்டப்படவில்லை என்பதை நோக்குக. எழுதியிருப்பதை ஊன்றி வாசித்தலே வேண்டப்பட்டது. நல்ல புதிருக்கு இலக்கணமும் இதுவே. வேண்டிய செய்தி யாவும் கதையினுள் இருத்தல் வேண்டும். அல்லது அவ்வூர் வாசகர் பொதுவாக அறிந்ததாதல் வேண்டும். விடை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். விடையைக் கண்டபின், ‘இதனைக் காணாது விட்டோமே’ என வாசகர் தம்மை நோகவேண்டுமன்றி, ஆசிரியரை நோகலாகாது.

இனி, நம் கருத்து மாறிய காரணத்தைக் கூறுவோம். நாம் ஆசிரியப் பயிற்சி முடித்து முதன்முதற் கற்பித்தது வேறொரு பாடசாலையில். வெள்ளத்தால் வருந்தியோர்க்கென மாணவர் சேர்த்த பணத்தை ஒரு தகரப்பேணியில் இட்டு வகுப்பில் வைத்திருந்தோம். ஒரு நாள் பேணியைக் காணோம். இடைவேளையில் வகுப்பில் தனியே இருந்தவன் ஒரு மாணவன்; வறியவன்; அவ்வாரமே கொப்பி வாங்கப் பணமில்லை என்று நம்மிடம் கூறியவன். அவனை வகுப்பின் முன் நிறுத்தி வினாவினோம். அவன் இல்லை என்றான். நாம் நம்பவில்லை என்பதை வகுப்பார் யாவரும் நம் முகத்திலே கண்டனர். மூன்றாம் நாள் அப்பேணி, நாமே வைத்துப் பூட்டி மறந்த அலுமாரியில், தேசப்படச் சுருள்களின் பின்னால் இருந்தது. அவனிடம் வகுப்பின் முன்னரே மன்னிப்புக் கேட்டோம். அவனும் தலையசைத்தான். ஆயின் அதன் பின்னர் நம் பாடத்தில் அவன் ஒருபோதும் கையுயர்த்தி விடை கூறியதில்லை.

எங்கே தவறினோம் என்பதைப் பன்னாள் எண்ணினோம். பேணி இல்லை என்பதை நாம் கண்டோம். அதனை எவரோ எடுத்தார் என்பது நாம் கருதியது. கருதியதைக் கண்டதாகவே கொண்டுவிட்டோம். வறுமை தடயமன்று, தனிமையும் தடயமன்று. இவ்வேறுபாட்டை நம் முன்னோர் தெளிவுற வகுத்துள்ளனர். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரிலே அளவைகள் பலவற்றை எண்ணி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்பர். மலையிலே புகையைக் காண்பது காண்டல்; அங்கு நெருப்பு உண்டு எனத் துணிவது கருதல்; நம்பத்தக்கார் கூறுவது உரை. அவர் எண்ணிய அளவைகளுள் அபாவம் என்பதும் ஒன்று. இன்மையை அறிதல் அதன் பொருள். ஹோம்ஸின் குரையாத நாயை இதனோடு ஒருவாறு ஒப்பிட்டு நோக்கலாம். பகலில் உண்ணாத ஒருவன் பருத்திருப்பானாயின் இரவில் உண்கின்றான் எனக் கொள்ளும் பொருள் என்னும் அளவையோ, தானே ஒரு துப்பறியும் புதிராகும்.

அன்றுமுதல் வெள்ளிக்கிழமை இறுதிப் பாடவேளையிற் புதிர்க்கதை ஒன்றை வாசித்து வருகின்றோம். கதை முடியுமுன்னரே மாணவர் ஒரு பெயரைக் கூவுவர். பெயரை நாம் ஏற்பதில்லை. கரும்பலகையில் மூன்று நிரல்களை இட்டு, கண்டது, கருதியது, பிறர் உரைத்தது எனத் தலைப்பிடுவோம். கதையின் ஒவ்வொரு செய்தியும் எந்நிரலுக்கு உரியது என்பதை அவர்களே கூறவேண்டும். கண்டது என்னும் நிரல் எப்போதும் மிகச் சிறியதாயிருப்பதைக் கண்டு முதலில் வியப்பர். பெயர் கூறும் அவசரம் அதன் பின்னர் தானே தணியும்.

அவசரத்தால் வந்த கேட்டைச் சிலப்பதிகாரத்திலும் மாணவர்க்குக் காட்டலாம். கோவலன் கள்வன் என்பதற்குப் பாண்டியன் கொண்ட சான்று பொற்கொல்லன் உரை ஒன்றே. தேவியின் ஊடல் தீர்க்க விரைந்த மன்னன் அவ்வுரையை ஆராய்ந்திலன். தேவியின் சிலம்பிலே முத்துப் பரல். கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கப் பரல். சிலம்பை உடைத்து நோக்க ஒரு கணம் போதும். அக்கணம் கோவலன் இறந்த பின்னரே வந்தது. உரைத்தவனே கள்வன் என்பதையும் மன்னன் அறிந்திலன்.

கைத்தொலைபேசி வழியே ஒருவர் பெயர் கள்வரென்று ஒரு நாழிகையில் ஊரெங்கும் பரவும் நாள் இது. நம் மாணவருள் நாளை நீதிபதியாவோர் சிலராதல் கூடும்; பிறரைப் பற்றி ஒரு சொல் கேட்டு நம்புவதா, விடுவதா எனத் தீர்மானிப்போரோ அனைவருமாவர். ஆதலின் இச்சிறு புதிர்களைப் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளுக்குத் தடுக்காது வழங்குவார்களாக. பழைய மாணவரும் மாலைப் பொழுதில் தம் பிள்ளைகளோடு அமர்ந்து ஒன்றிரண்டை ஆராய்ந்து பார்ப்பார்களாக.

புதிரின் விடை: தந்தையை இழந்தோர் ஆடியிற் கீரிமலையில் தீர்த்தமாடுவதும், காத்தோட்டிக்காய் சமைப்பதும் ஆடி அமாவாசையில். தாய்க்குரிய சித்திரைப் பூரணையாயின் முழுநிலவு இருந்திருக்கும். அமாவாசை நள்ளிரவில் நிலவு ஏது? எனவே நிலவொளியில் முகங்கண்டேன் என்ற உரை வீழ்ந்தது. மாலைவரை வேலை செய்தவனின் சால்வை திண்ணையிற் கிடந்ததிலும் வியப்பில்லை. இனி இரண்டாம் வினா. அயல்வீட்டாரே கள்வர் என்று விடையிறுத்தோர் நாம் முன்பு செய்த தவற்றையே செய்தனராவர். அவர் தம் களவை மறைக்கப் பொய் கூறியிருக்கலாம், பழம்பகையாற் கூறியிருக்கலாம், இருளில் ஓர் உருவைக் கண்டு, பிறர் நம்பும்பொருட்டு நிலவைச் சேர்த்திருக்கலாம். பொய் உரைத்தார் என்பது மட்டுமே துணிபு. இளைஞனை வீட்டுக்கு அனுப்பிய பின்னரே விதானையாரின் விசாரணை தொடங்கியது.