சூட்கேஸை இறக்கு, பம்பை ஏற்று!

2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் ஸ்டார்லைனரில் கிளம்பும் முன், அவர்களின் துணிமணி, சோப்பு, ஷாம்பூ இருந்த இரண்டு சூட்கேஸ்களைக் கடைசி நேரத்தில் இறக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் ஏறியது, சுமார் 70 கிலோ எடையுள்ள ஒரு பம்ப். சிறுநீரைக் குடிநீராக்கும் இயந்திரத்துக்கானது!

விண்வெளி நிலையத்தில் இருந்த பம்ப் மே கடைசியில் பழுதாகிவிட, சிறுநீரைப் பிடித்துச் சேமித்து வைக்க வேண்டிய நிலை. எனவே, மாற்று உடையைவிட பம்ப்தான் முக்கியம் என்று நாசா முடிவெடுத்தது. எட்டு நாள்தானே, சமாளிக்கலாம் என்று போனவர்கள் ஒன்பது மாதம் கழித்துத் திரும்பியது ஊரறிந்த கதை.

முகம் சுளிக்காதீர்கள். குடிக்க, சமைக்க, பல் துலக்க என ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். அத்தனையையும் பூமியிலிருந்து சுமந்து கட்டுப்படியாகாது. அதனால் 2008-ல் இந்த இயந்திரம் மேலே போனது. காற்றழுத்தத்தைக் குறைத்தால் குறைந்த சூட்டிலேயே நீர் ஆவியாகும். ஆனால், எடையற்ற இடத்தில் ஆவி எது, திரவம் எது என்று தானாகப் பிரியாதே? அதற்காகச் சுழலும் டிரம். பிரிந்து வரும் நீரோடு வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரமும் சேர்ந்து வடிகட்டப்படுகிறது.

பூமியில் ஒழுங்காக ஓடிய இயந்திரம், மேலே போனதும் அடைத்துக்கொண்டது. காரணம், எலும்பு! எடையற்ற நிலையில் எலும்பு கால்சியத்தை இழக்கிறது. அது சிறுநீரில் வெளியேறுகிறது. பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது சேர்ந்து, கால்சியம் சல்ஃபேட்டாகப் படிந்துவிட்டது. நம் ஜிப்சம்தான். பிறகு பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். மிச்சமாகும் உப்புக் கரைசலையும் வெதுவெதுப்பான காற்றால் உலர்த்தி நீரைப் பிழிந்தெடுக்க, 2023-ல் மொத்த மீட்பு 98 சதவிகிதத்தைத் தொட்டது.

மலத்துக்கும் குப்பைக்கும் இன்னும் பழைய வழிதான். சரக்குக் கலத்தில் அடைத்து அனுப்பினால், வளிமண்டலத்தில் கலத்தோடு எரிந்துவிடும். செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. நாலு பேர் ஓராண்டில் சேர்க்கும் கழிவு சுமார் 2,500 கிலோ என்பது நாசாவின் கணக்கு. பிளாஸ்டிக் உறை, பழைய துணி, சாப்பாட்டு மிச்சம் எல்லாவற்றையும் சூடாக்கி நசுக்கி, ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, டைல்ஸ் போன்ற வில்லைகளாக்கும் கருவியை நாசாவின் எய்ம்ஸ் ஆய்வு மையம் உருவாக்கியிருக்கிறது. பிளாஸ்டிக்கில் ஹைட்ரஜன் அதிகம் என்பதால், அந்த வில்லைகளைச் சுவரில் அடுக்கிக் கதிர்வீச்சைத் தடுக்கலாம் என்பது திட்டம்.