அழுவது அவிசுவாசம் அல்ல



நவம்பர் மாதம் நம் இறந்தோரை நினைவுகூரும் மாதம். 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளன்று கல்லறைகளைத் துப்புரவு செய்து, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, குடும்பமாக நின்று செபிக்கிறோம். அந்த நாளில் எல்லாரும் கூடவே இருக்கிறோம். ஆனால் ஒரு வீட்டில் சாவு நிகழ்ந்து, முப்பதாம் நாள் திருப்பலியும் முடிந்து, உறவினர் அவரவர் ஊருக்குத் திரும்பிய பிறகு, அந்த வீட்டில் எஞ்சியிருப்பவர் என்ன ஆகிறார்? உறக்கம் வருவதில்லை, சோறு இறங்குவதில்லை, கோவிலுக்கு வந்தாலும் செபிக்க முடிவதில்லை. அவரிடம் நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான்: “அழாதீங்க, எல்லாம் ஆண்டவர் சித்தம். இன்னும் நல்லா செபம் பண்ணுங்க.”

நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் கேட்பவர் காதில் அது வேறாக விழுகிறது: “நீ துயரப்படுவது உன் விசுவாசக் குறைவு.” அப்போது துயரத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. இதுபற்றி இறைவார்த்தையும் இன்றைய உளவியலும் என்ன சொல்கின்றன என்று சிந்திப்போம்.

அரசர்கள் முதல் நூல் 19-ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியாவைக் காண்கிறோம். கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்டவர் அவர். ஆயினும் ஈசபேலின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடுகிறார். தம் பணியாளரையும் பெயேர்செபாவில் விட்டுவிட்டுத் தனியே பாலைநிலத்துக்குள் போகிறார். ஒரு செடியின் அடியில் அமர்ந்து, சாக வேண்டும் என்று மன்றாடுகிறார். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. எலியா உறங்குகிறார். வானதூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் தருகிறார். மீண்டும் உறக்கம், மீண்டும் உணவு. ஓரேபு மலையை அடைந்த பிறகே கடவுள் அவரிடம் பேச்சுக் கொடுக்கிறார். எலியா ஒரே முறையீட்டை இரண்டு முறை சொல்கிறார். இரண்டு முறையும் கடவுள் கேட்கிறார். அதன்பின் அவருக்கு ஒரு பணியையும், எலிசா என்னும் துணையையும் தருகிறார்.

இன்று ஒரு நல்ல மனநல மருத்துவரும் ஏறத்தாழ இந்த வரிசையில்தான் செல்கிறார். ஆபத்து வரும்போது நம் உடல் அட்ரினலின், கார்டிசால் போன்ற சுரப்புகளை வெளியிடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடித் தப்பவோ எதிர்த்து நிற்கவோ கடவுள் நம் உடலில் வைத்த ஏற்பாடு இது. ஆனால் அதே நிலை மாதக்கணக்கில் நீடித்தால் உறக்கம், செரிமானம், நினைவாற்றல் எல்லாம் பாதிக்கப்படுகின்றன. செபிக்கக்கூட மனம் குவிவதில்லை. அது பாவமல்ல, களைப்பும் நோயும். முதலில் உறக்கமும் உணவும், பிறகு பொறுமையாகக் கேட்கும் செவி, பிறகு ஒரு துணை, ஒரு வேலை. எலியாவைக் கடவுள் நடத்திய விதமும் இதுதானே!

இனி பெத்தானியாவுக்குச் செல்வோம். இலாசர் இறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. மார்த்தா, மரியா இருவருமே இயேசுவிடம் ஒரே குறையைச் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்திருந்தால் எங்கள் சகோதரன் இறந்திருக்கமாட்டான் என்று. மார்த்தாவோடு இயேசு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாவைக் கண்டதும் கண்ணீர் விடுகிறார். இன்னும் சற்று நேரத்தில் இலாசர் எழுந்து வரப்போவதை அறிந்திருந்தும் ஆண்டவர் அழுதார். அப்படியானால் அழுகை எப்படி அவிசுவாசம் ஆகும்?

சுவிட்சர்லாந்தில் பிறந்த மருத்துவர் எலிசபெத் கியூப்லர் ராஸ், அமெரிக்காவில் சாகும் நிலையில் இருந்த நோயாளிகளோடு அமர்ந்து பேசி, 1969-இல் ஒரு நூல் எழுதினார். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளை அவர் குறிப்பிட்டார். எல்லாரும் இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சிலருக்குப் பேச்சு வேண்டும். சிலருக்கு அருகே ஒருவர் அழுதால் போதும். மார்த்தாவுக்கு ஒருவிதமாகவும் மரியாவுக்கு ஒருவிதமாகவும் ஆறுதல் தந்த ஆண்டவருக்கு இது தெரிந்திருந்தது.

கெத்சமனியிலோ, சாவின் கலக்கம் ஆண்டவரையே பற்றிக்கொண்டது. அப்போது அவர் பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரிடமும் கேட்டது விழித்திருந்து உடனிருப்பதைத்தான். அதைக்கூட அவர்களால் கொடுக்க முடியவில்லை.

சரி, மருத்துவரிடம் போவது கடவுள்மேல் நம்பிக்கை இல்லாததைக் காட்டுகிறதா? சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசித்துப் பாருங்கள். மருத்துவரை மதிக்கவும், அவரைப் படைத்தவர் ஆண்டவரே என்பதை உணரவும் அது கற்பிக்கிறது. நோயுற்றவர் மன்றாடவும் வேண்டும், மருத்துவருக்கு இடம் தரவும் வேண்டும் என்கிறது. அதே அதிகாரம் இறந்தவருக்காகக் கண்ணீர் சிந்தச் சொல்கிறது. துயரம் மிஞ்சினால் உயிருக்கே கேடு என்றும் எச்சரிக்கிறது. செபம், மருந்து, கண்ணீர் மூன்றுக்கும் ஒரே அதிகாரத்தில் இடம் உண்டு. எனவே மனச்சோர்வுற்றவரைச் “செய்வினை, பேய்” என்று சொல்லி அலைக்கழிக்க வேண்டாம்.

ஆயினும் உளவியல் தர முடியாத ஒன்று உண்டு. துயரத்தோடு வாழ அது கற்றுத்தரும். இறந்தவர் என்ன ஆனார் என்ற கேள்விக்கு விடை தராது. அதற்கு விடை வெறுமையான கல்லறை. புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதும்போது, எதிர்நோக்கு இல்லாதவர்களைப் போல் துயருற வேண்டாம் என்ற பொருளில் எழுதுகிறார். துயரமே கூடாது என்று அவர் சொல்லவில்லை.

தற்கொலையால் ஒருவரை இழந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 1917-ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத்தொகுப்பு, வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருஅவையின் அடக்கச் சடங்கை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பில் அந்த விலக்கு இல்லை. தற்கொலை கடவுள் தந்த உயிருக்கு எதிரானது என்றே திருஅவை இன்றும் கற்பிக்கிறது. ஆனால் கடுமையான மனப் பாதிப்பும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி கூறுகிறது (எண் 2282, 2283). ஆகவே அவர்களுக்காகத் திருப்பலிக் கருத்துக் கொடுக்க யாரும் தயங்க வேண்டாம். அவர்கள் பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லவும் வேண்டாம்.

இந்த மாதம் நாம் செய்யக்கூடியது என்ன? கடந்த ஓராண்டில் சாவு நிகழ்ந்த ஒரு வீட்டுக்குச் செல்வோம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். விளக்கம் சொல்ல வாய் திறந்தபோதுதான் அவரை நோகடித்தார்கள். நாமும் அறிவுரை சொல்லாமல் அமர்ந்திருப்போம். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்போம். “சாகலாம் போலிருக்கிறது” என்று யாராவது சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், அவரைத் தனியே விடாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை வீட்டில் எல்லாரும் குறித்து வைத்துக்கொள்வோம். நோயில்பூசுதலுக்கும் கடைசி மூச்சு வரை காத்திராமல், நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போதே அருள்பணியாளரை அழைப்போம்.

இலாசரின் கல்லறை முன் கண்ணீர் விட்ட ஆண்டவர், துயருறும் எல்லாரோடும் இருப்பாராக. இறந்த நம் சகோதரர் சகோதரிகளுக்கு நிலையான இளைப்பாற்றியை அருள்வாராக. ஆமென்.