முதலில் காகிதம், பிறகு பெட்டி

கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்குக் குடிபோகிறீர்களா? உட்காருங்கள், டீ குடித்துக்கொண்டே பேசலாம். அட்டைப்பெட்டியும் டேப்பும் கடைசி வாரத்தில் வாங்கினால் போதும். இந்த ஊரில் மட்டுமே கிடைக்கிற காகிதங்கள் எவை என்று முதலில் பாருங்கள். போன பிறகு அவற்றுக்காக லீவு போட்டுத் திரும்பி வருவது பெரிய சிரமம்.

அவற்றில் அதிக நாள் எடுப்பது வண்டிக்கான என்.ஓ.சி. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று வேண்டும். விண்ணப்பம் படிவம் 28. வண்டி திருட்டு வழக்கிலோ வேறு குற்றத்திலோ சிக்கியதில்லை என்று காவல்துறைப் பதிவுகளில் சரிபார்ப்பார்கள். பாக்கி அபராதம் இருந்தால் முன்பே கட்டிவிடுங்கள். கடன் முடியவில்லை என்றால் வங்கியின் சம்மதக் கடிதமும் தேவை.

எந்த அலுவலகத்துக்குப் போகிறது என்று அந்தச் சான்றிலேயே எழுதுவார்கள். புனே நகரத்துக்கு எம்.எச். 12, பிம்ப்ரி சிஞ்ச்வாடுக்கு எம்.எச். 14, இரண்டும் தனித்தனி அலுவலகங்கள். அதனால் வீடு எந்தப் பக்கம் என்று முடிவான பிறகு விண்ணப்பியுங்கள். அங்கே மிச்ச ஆண்டுகளுக்கு வரி கட்ட வேண்டியிருக்கும். இங்கே வாழ்நாள் வரியாகக் கட்டியதில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் புதிய பதிவு முடிந்த ஆதாரம் காட்டிய பிறகுதான். பழைய வரி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பலர் இந்தப் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது வருத்தம்.

அடுத்தது பிள்ளைகள். சி.பி.எஸ்.இ. பள்ளியில் 9, 11-ஆம் வகுப்புகளிலேயே பொதுத்தேர்வுக்கான பதிவு நடந்துவிடும். ஆகவே 10-லோ 12-லோ புதுப் பள்ளியில் சேர்ப்பது எளிதல்ல. பெற்றோரின் பணிமாற்றம் போன்ற காரணத்தை ஆவணத்தோடு காட்டி வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். முடிந்தால் அந்த ஒரு வருடம் கழித்துக் கிளம்புங்கள் என்பேன். மாநிலப் பாடத்திட்டக் குழந்தை என்றால், டி.சி.யில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டுமா என்று புதுப் பள்ளியில் இப்போதே கேளுங்கள்; வேண்டுமென்றால் அதுவும் இங்கே வாங்க வேண்டியதுதான். மகாராஷ்டிரத்தில் மராத்தி கற்பிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 2020-இல் வந்தது. தேவநாகரி எழுத்துகளை இந்தக் கோடையிலேயே குழந்தைக்குப் பழக்கிவிட்டால் முதல் நாள் வகுப்பில் தவிக்காது.

கேஸ் இணைப்பில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் இணைப்பு மாற்றும் வவுச்சரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பு உங்களுடையது.

லாரிக்காரர் விலை சொல்லும் முன் பரணையும் பால்கனியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றும் நாளில் சண்டை வருவது அங்கிருந்துதான். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. இ-வே பில் தேவையில்லை. அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். காப்பீடு என்று அவர்கள் சொன்னால், காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசியைக் கையில் வாங்கிப் பாருங்கள். பொருள்வாரிப் பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். டிவியும் ஃபிரிட்ஜும் ஓடும்போதே படம் எடுத்துவையுங்கள். நகையும் அசல் ஆவணங்களும் உங்கள் கைப்பையில்தான்.

ஆதார் முகவரி, வாக்காளர் பட்டியலுக்கான படிவம் 8 ஆகியவற்றைப் புனேயில் பார்த்துக்கொள்ளலாம். ரேஷன் அட்டையில் முன்னுரிமைக் குறியீடு இருந்தால் அங்குள்ள கடையிலும் அரிசி, கோதுமை வாங்கலாம். முன்னுரிமையற்ற அட்டைக்கு அது கிடையாது.

இங்குள்ள வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். வீட்டு அட்வான்ஸ் பாக்கியும் வண்டி வரியும் அதில்தான் வந்து சேர வேண்டும்.