ராஜிக்கு மட்டும் ஆலோசகர் இல்லை

'தி ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவத்தில் நாயகன் ஸ்ரீகாந்தும் அவர் மனைவி சுசித்ராவும் மனத்தாங்கல் தீர ஓர் ஆலோசகரைப் போய்ப் பார்க்கிறார்கள். மறைந்த ஆசிப் பஸ்ராதான் அந்த ஆலோசகர். காட்சியைச் சிரிக்கச் சிரிக்க எடுத்திருக்கிறார்கள். அதே தொடரில், ஈழப்போரில் எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டுச் சென்னையில் மில் வேலைக்குப் போகிற ராஜிக்கு அப்படி யாரும் இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு வைத்தியம் உண்டு, போர் கொடுத்த காயத்துக்குக் கிடையாது.

2021 ஜூனில் தொடர் வெளியாகும் முன்பே தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பிவிட்டது. வைகோ கண்டித்தார். அமைச்சர் மனோ தங்கராஜ் தடை கேட்டு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். ஈழப் போராளிகளை எப்படிக் காட்டுவது என்பதில் வந்த சண்டை அது, நியாயமான சண்டைதான். அந்த இரைச்சலில் ராஜியின் மனசுக்கு என்ன ஆகியிருக்கிறது என்ற கேள்வி அமுங்கிப்போனது.

தொடருக்கு அது பாதி தெரியும். பேருந்தில் ஒருவன் உரசுகிறபோது ராஜியாக நடிக்கும் சமந்தாவின் முகத்தில் சலனமே இல்லை, பார்வை எங்கோ நிலைகுத்தி நிற்கிறது. உணர்ச்சி மரத்துப்போவது உண்மையான அறிகுறி, அவர் அதை நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் திரைக்கதைக்கு அந்த மரப்பு வேறு காரியத்துக்குத் தேவைப்படுகிறது: கொலை செய்ய. காயம்பட்டவள் என்றால் பழிவாங்கியே தீரவேண்டும் என்பது நம் திரையின் பழைய கணக்கு. நிஜத்தில் பெரும்பாலானவர்கள் யாரையும் கொல்வதில்லை. தூக்கம் கெட்டு, கனவில் அலறி விழித்து, தீபாவளி வெடிக்குப் பதறி, பிள்ளைகள்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்து நாளைத் தள்ளுகிறார்கள்.

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊரான வேம்பாரில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு இது தூரத்துக் கதை இல்லை. இந்தக் கரைக்கு ஏறக்குறைய நேர் கிழக்கே, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மன்னார். சிலாவத்துறைப் பக்கத்துப் பார்களில் முத்துக்குளிக்க நம் கரையின் பரதவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்தார்கள். 1983-க்குப் பிறகு அங்கிருந்து ஜனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்தது. நம் மாவட்டத்திலேயே தாப்பாத்தியில் முகாம் இருக்கிறது. ராஜியின் வயதுப் பெண்கள் ரேஷன் கடை வரிசையில் நிற்பதைப் பார்க்கிற ஊர்கள் இவை.

சிகிச்சை எப்படி நடக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே பாடம் இருக்கிறது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் நடந்துகொண்டிருந்தபோதே அங்கே வேலை பார்த்தவர், 1998-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அவரிடம் வந்தவர்கள் பயத்தைச் சொல்லிக்கொண்டு வரவில்லை; தலையிடி, நெஞ்சுநோவு, பெருமூச்சு என்று உடம்பைத்தான் காட்டினார்கள். பதற்றத்தைத் தணிக்க அவரவர் வீட்டில் இருப்பதையே அவர் எடுத்துக்கொண்டார். சைவர்களுக்கு ஜபம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்குத் திக்ர், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் தியானம். பரிசுத்த ஆவி கோவிலில் செபமாலை உருட்டுகிற நம்மூர்ப் பாட்டிகளிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படமாட்டார்கள். தனி ஆளின் மனம் மட்டுமல்ல, குடும்பமும் ஊருமே சேர்ந்து நொறுங்கியிருக்கிறது என்பதும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

அமெரிக்காவில் உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த சிகிச்சை முறை வேறு மாதிரி. சுமார் 8 முதல் 15 அமர்வுகள். கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சம்பவம் இப்போது நடப்பதுபோல் சொல்லவேண்டும். சொன்னதைப் பதிவு செய்து கொடுப்பார்கள், அதை வீட்டில் தினமும் கேட்கவேண்டும். தன் குரலில் தன் கொடுமையை நாள்தோறும் கேட்பது! கேட்கக் கேட்கத்தான் பயத்தின் பிடி தளர்கிறது. எந்தத் தொடர் இயக்குநரும் இதைப் படமாக்கத் தயங்குவார், சலிப்புத் தட்டும் என்று.

கொரியப் போர் மருத்துவமனையைக் களமாகக் கொண்ட 'மாஷ்' தொடர் கொஞ்சம் துணிந்தது. 1983 பிப்ரவரி 28 அன்று ஒளிபரப்பான கடைசிப் பகுதியில் டாக்டர் ஹாக்ஐ மனநல மருத்துவமனையில் கிடக்கிறார். எதிரிகள் அருகில் இருந்தபோது, பேருந்தில் ஒருத்தி தன் கோழி கத்தாமலிருக்க அதை நெரித்துக் கொன்றாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மருத்துவர் சிட்னி ஃப்ரீட்மன் பொறுமையாகக் கேட்கக் கேட்க, அது கோழியல்ல, அவள் குழந்தை என்பது வெளியே வருகிறது. தொலைக்காட்சியில் இதற்கு இணையான காட்சியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் மறந்தது ஞாபகத்துக்கு வந்ததுமே மனிதர் பணிக்குத் திரும்பிவிடுகிறார். உண்மையில் அதற்கப்புறம்தான் வேலையே தொடங்கும்.

ராஜி வெடிமருந்து ஏற்றிய விமானத்தோடு போய்விட்டாள். அடுத்து ஈழத்துப் பெண்ணை எழுதுகிறவர் அவளை ஆலோசகரிடம் அனுப்பிப் பார்க்கலாம். மூன்றாவது அமர்வுக்கு அவளால் போகமுடியவில்லை, அன்றைக்கு முகாமில் கணக்கெடுப்பு, ஆள் இருந்தே ஆகவேண்டும். ஒரு பருவத்துக்கு வேண்டிய முடிச்சு அதிலேயே கிடக்கிறது, துப்பாக்கி இல்லாமலே.