தரங்கம்பாடியில் ஒரு துபாஷி

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கினால் அனுப்பப்பெற்று, 1706-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் தரங்கம்பாடிக் கரையில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் கற்பதென்று நிச்சயித்ததும், வயது முதிர்ந்த உபாத்தியாயர் ஒருவரை அவருடைய பள்ளிப் பிள்ளைகளோடு தம் இல்லத்துக்கே வரவழைத்துக்கொண்டார். 24 வயது நிரம்பிய அந்த வெள்ளைக்காரர், சிறு பிள்ளைகளின் நடுவே தரையில் அமர்ந்து மணலில் விரலால் அரிச்சுவடி எழுதியதை ஊரார் வேடிக்கை பார்க்காமலா இருந்திருப்பார்கள்! எழுத்து விரைவில் வசப்பட்டது. ஆயினும் உபாத்தியாயருக்குப் போர்த்துக்கீசியம் தெரியாது, மாணவருக்குத் தமிழ் தெரியாது என்றிருந்தபடியால், வாசித்த சொல்லுக்கு அர்த்தம் விளங்கவில்லை.

இந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைத்தவர் அழகப்பன் என்னும் துபாஷி. டேனிஷ் வர்த்தகக் கம்பெனியில் மொழிபெயர்ப்பு உத்தியோகம் பார்த்து, அந்நாளில் கடற்கரைப் பட்டணங்களில் பொதுப் பாஷையாக வழங்கிய போர்த்துக்கீசியத்தோடு டேனிஷ், ஜெர்மன், டச்சு ஆகியவற்றையும் அறிந்திருந்த அவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, தினந்தோறும் அவரோடு சம்பாஷித்துப் பழகியதன் பலனாக, ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே பாதிரியாருக்குத் தமிழில் பேச வந்துவிட்டது. உபாத்தியாயரின் வித்தையை நான் குறைத்துச் சொல்வதாக வாசகர் எண்ணவேண்டாம். ஆரம்ப நிலையில் இருப்பவனுக்கோ, பேச்சு தடைப்படும் இடத்தில் இருவருக்கும் தெரிந்த வேறொரு பாஷையில் சந்தேகம் தீர்த்துவிட்டு, உடனே பழைய பேச்சுக்குத் திருப்பிவிடக் கூடியவரே உற்ற துணை. அவர் தாமும் அந்நிய பாஷைகளைக் கற்று நாக்குத் தடுமாறியவராக இருந்துவிட்டால், பிழையைக் கேட்டுச் சிரிக்கவும் மாட்டார், சலிக்கவும் மாட்டார்.

பேச்சு வந்த பிறகு, புலவர் ஒருவரை அருகிலிருத்திக்கொண்டு ஏட்டுச் சுவடிகளைப் படித்து ஆயிரக்கணக்கான சொற்களைத் தொகுத்ததெல்லாம் சீகன்பால்குவின் சொந்த உழைப்பு. எனினும் சம்பாஷணையை அவர் கைவிட்டாரில்லை. 1714-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞனை உடன் அழைத்துச் சென்றார். தமிழ் ஒலிக்காத நடுக்கடலிலும் அவருக்குத் தமிழில் பேச ஆள் இருந்தது. அந்தக் கப்பலில் இருந்தவாறே லத்தீனில் அவர் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரத்தில் அச்சாகியது. அதன் முகப்பில் ஆசிரியரின் பெயரும் பதவியும் விஸ்தாரமாக இருக்கின்றன. அழகப்பன் பெயர் இல்லை.